அடியா, மீட்டரா? நாட்டுக்கு நாடு மாறும் அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, லைபீரியா, மியான்மர். இந்த மூன்று நாடுகள் மட்டும்தான் மெட்ரிக் முறைக்கு மாறவில்லையாமே?

இந்த மூன்றுக்கு மட்டும் வேறு நிறம் அடித்த உலக வரைபடம் ஒன்று இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். பாதி உண்மை என்று சொல்லலாம்.

மியான்மரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிலோவுக்குப் போட்டியாக நிற்பது பவுண்டு இல்லை, 'பெய்த்தா' என்கிற உள்நாட்டு எடை. சுமார் 1.63 கிலோ. ஆங்கிலத்தில் அதை 'விஸ்' என்பார்கள். அது நம் 'வீசை'யிலிருந்து போன பெயர். நம்மிடம் வழக்கொழிந்த சொல் கடல் தாண்டிப் போய் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது! அந்த நாட்டு அரசு 2013-ல் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக அறிவித்தது. லைபீரியாவும் 2018-ல் அப்படியே சொன்னது. அமெரிக்காவிலோ மெட்ரிக் 1866-லிருந்தே சட்டப்படி செல்லும்.

இன்னொரு பக்கம், 'மாறிவிட்டது' என்று நிறம் பூசப்பட்ட பிரிட்டனில் சாலைப் பலகைகள் இன்றும் மைலில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த நாடு எந்த முறை என்று கேட்பதைவிட, எந்த நாட்டில் எந்த வேலைக்கு எந்த அளவு என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

இம்பீரியல் அளவும் அமெரிக்க அளவும் ஒன்றுதானே?

நீளத்தில் ஒன்று. எடையில் கிட்டத்தட்ட ஒன்று. திரவத்தில் சுத்தமாக வேறு.

'இம்பீரியல்' என்பது பிரிட்டன் 1824-ல் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்திய முறை. அதற்குள் அமெரிக்கா தனி நாடாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதனால் அந்தச் சீர்திருத்தம் அமெரிக்காவைத் தொடவில்லை. பிரிட்டன் அதுவரை இருந்த பலவகைக் கேலன்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் புதுக் கேலனைக் கொண்டுவந்தது. இன்றைய கணக்கில் 4.546 லிட்டர். அமெரிக்காவோ ஆன் ராணி காலத்து ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. அது 231 கன அங்குலம், அதாவது 3.785 லிட்டர். கேலன் மாறினால் அதன் வயிற்றிலிருக்கும் பைன்ட்டும் (கேலனில் எட்டில் ஒரு பங்கு) மாறும்தானே? பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லிலிட்டர், அமெரிக்கப் பைன்ட் 473.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டனின் பைன்ட்டில் 20 திரவ அவுன்ஸ், அமெரிக்கப் பைன்ட்டில் 16. ஆனால் அவுன்ஸை மட்டும் தனியாக எடுத்தால் அமெரிக்க அவுன்ஸ்தான் சற்றுப் பெரியது (29.57 மி.லி.; பிரிட்டனுடையது 28.41). பழைய சமையல் குறிப்புகளை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

டன் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் குட்டை டன் 2,000 பவுண்டு (சுமார் 907 கிலோ), பிரிட்டனின் பழைய நெட்டை டன் 2,240 பவுண்டு (சுமார் 1,016 கிலோ), நடுவில் 1,000 கிலோ மெட்ரிக் டன்.

இத்தனை வருடமாகியும் அமெரிக்கா ஏன் மாறவில்லை?

மாற முயன்றது. 1975-ல் மெட்ரிக் மாற்றச் சட்டம் வந்தது, அதற்கென்று ஒரு வாரியமும் அமைந்தது. ஆனால் சட்டத்தில் 'விரும்பினால் மாறலாம்' என்றுதான் இருந்தது, கெடு எதுவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் மாறாதபோது நான் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று எல்லோருமே காத்திருந்தார்கள். 1982-ல் வாரியத்தையே மூடிவிட்டார்கள். அளவு முறை என்பது சாலையில் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது என்பதைப் போன்றது. விரும்புகிறவர்கள் மட்டும் மாறினால் விபத்துதான்.

அந்தக் காலத்தின் நினைவுச்சின்னம் போல அரிசோனாவில் டூசானிலிருந்து மெக்சிகோ எல்லை வரை போகும் 19-ஆம் எண் நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் நிற்கின்றன.

ஆனால் அமெரிக்கரும் தினமும் மெட்ரிக்கைத் தொடாமல் இருப்பதில்லை. மாத்திரை மில்லிகிராமில். உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியல் கிராமில். ஒயின் 750 மில்லிலிட்டர் புட்டியில். பெரிய குளிர்பான பாட்டில் 2 லிட்டர், ஆனால் பால் மட்டும் கேலன். கார் எஞ்சின் லிட்டரில். ராணுவத்தினர் கிலோமீட்டரைச் செல்லமாக 'கிளிக்' என்பார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1893-லிருந்தே அமெரிக்கக் கெஜத்துக்கும் பவுண்டுக்கும் சொந்தமாக ஆதாரம் கிடையாது, அவற்றை மீட்டரையும் கிலோவையும் வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். 1959-ல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு சரியாக 0.45359237 கிலோ என்று முடிவு செய்தன. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது அதிலிருந்து வந்ததுதான். தோராயமில்லை, துல்லியமே அதுதான். அடியில் அளப்பவர்கூட அடியில் பார்த்தால் மீட்டரில்தான் அளக்கிறார்.

அப்படியானால் பிரிட்டனில் எதற்கு எந்த அளவு?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி. தூரமும் வேகமும் மைலில். சாலைப் பணி எச்சரிக்கை கெஜத்தில். பெட்ரோல் லிட்டரில் போடுவார்கள், ஆனால் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் கேலனுக்கு இத்தனை மைல் என்பார்கள். விற்பது ஓர் அலகில், கணக்குப் பார்ப்பது இன்னோர் அலகில்! குழாயிலிருந்து பிடித்துத் தரும் பீரைப் பைன்ட்டில் விற்க வேண்டும் என்பது சட்டம். புட்டியில் வரும் பீர் மில்லிலிட்டரில். பிளாஸ்டிக் பால் கேனில் '2.272 லிட்டர்' என்று ஒரு விசித்திர எண் இருக்கும். பயப்பட வேண்டாம், அது நான்கு பைன்ட்.

உடல் எடையை ஸ்டோனில் சொல்வார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. அமெரிக்கருக்கே இது புரியாது. அதே ஆளை மருத்துவமனையில் கிலோவில் எழுதிக்கொள்வார்கள். வானிலை செல்சியஸில். ஆனால் வெயில் கொளுத்தும் நாளில் மட்டும் பத்திரிகைத் தலைப்பு ஃபாரன்ஹீட்டுக்குத் தாவிவிடும், 35 என்பதைவிட 95 என்பது சூடாகத் தெரிகிறதல்லவா?

பள்ளிப் பிள்ளைகள் 1970-களிலிருந்தே மெட்ரிக்தான் படிக்கிறார்கள். இருந்தும் உயரத்தை அடியில் சொல்கிறார்கள். பாடப் புத்தகம் ஒன்றைச் சொல்கிறது, வீட்டில் அம்மா அப்பா வேறொன்றைச் சொல்கிறார்கள். பேச்சில் வீடுதான் ஜெயிக்கிறது.

2022-ல் அரசு, வியாபாரத்தில் இம்பீரியலுக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாமா என்று மக்களிடமே கருத்துக் கேட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. வெறும் இம்பீரியலாகவோ இம்பீரியலை முதன்மையாகவோ விரும்பியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2023 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பைன்ட்டும் மைலும் பிடிக்கும், அதற்காகத் தராசை மாற்றச் சொல்லாதே என்பதுதான் அங்குள்ள பொது மனநிலை என்று நினைக்கிறேன்.

கனடா?

பிரிட்டனின் சட்டமும் அமெரிக்காவின் அண்டைவீடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம். 1975-ல் வானிலை செல்சியஸுக்கு மாறியது, 1977-ல் சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு ஃபாரன்ஹீட்டில், உயரம் அடியில், எடை பவுண்டில், மரப் பலகை அங்குலத்தில். வெளியே எத்தனை டிகிரி என்றால் செல்சியஸில் சொல்பவரே நீச்சல் குளத்துத் தண்ணீரை ஃபாரன்ஹீட்டில் சொல்வார். சாதனங்களும் கட்டுமானப் பொருட்களும் எல்லை தாண்டி வந்துகொண்டே இருக்கும்போது சட்டம் என்ன செய்யும்?

முழுசாக மாறிய நாடு என்று ஒன்றாவது உண்டா?

மிக நெருங்கி வந்தது ஆஸ்திரேலியா. 1970-ல் சட்டம், 1972-ல் செல்சியஸ், 1974 ஜூலையில் நாடு முழுவதும் சாலைப் பலகை மாற்றம். துறைவாரியாகக் கெடு வைத்து, கெடு முடிந்ததும் பழையதை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் அருகருகே நீண்ட காலம் வைத்திருந்தால் மனிதர்கள் பழக்கமானதை மட்டுமே படிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கா கோட்டைவிட்ட இடமே இதுதான். அயர்லாந்தும் வேக எல்லைப் பலகைகளை 2005 ஜனவரி 20 அன்று ஒரே மூச்சில் மாற்றியது.

ஆனால் ஆஸ்திரேலியாவிலும் ஒருவரின் உயரம் 'ஆறடி'தான். பிறந்த குழந்தையின் எடையைப் பாட்டிக்குப் பவுண்டில் சொல்ல வேண்டியிருக்கும்.

மீட்டரைக் கண்டுபிடித்த பிரான்சிலாவது சுத்தமாக இருக்கிறதா?

அங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். 1790-களில் டெலாம்பர், மெஷான் என்ற இரண்டு வானியலாளர்கள் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை புரட்சிக்கும் போருக்கும் நடுவில் வருடக்கணக்கில் நிலத்தை அளந்தார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவாகியிருந்தது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு. 1795-ல் சட்டமும் வந்தது. மக்கள் கண்டுகொள்ளவில்லை. 1812-ல் நெப்போலியனே இறங்கிவந்து பழைய பெயர்களை அனுமதித்தார். மெட்ரிக் மறுபடி கட்டாயமானது 1840-ல். சொந்த ஊரிலேயே மீட்டர் காலூன்ற 45 வருடம் பிடித்திருக்கிறது.

இன்றும் பிரெஞ்சுச் சந்தையில் ஒரு 'லீவ்ர்' கேட்டால் அரைக் கிலோ கிடைக்கும், ஜெர்மனியில் 'ஃபுண்ட்' என்றால் அதே அரைக் கிலோ. இரண்டும் பழைய பவுண்டின் பெயர்கள். பெயரை வைத்துக்கொண்டு எடையை மட்டும் வட்டமாக்கிவிட்டார்கள். சீனாவின் 'ஜின்' அப்படியே 500 கிராம். ஆனால் ஹாங்காங்கில் அதே பழைய எடை சுமார் 605 கிராம். விலை கேட்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பரப்பு இன்னும் பிடிவாதம். ஜப்பானில் 'த்சுபோ', கொரியாவில் 'பியோங்', இரண்டும் ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். தென்கொரியா 2007-ல் பியோங்கை வியாபாரத்தில் தடை செய்தது. விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? '3.3 சதுர மீட்டருக்கு இவ்வளவு விலை' என்று போட்டார்கள். சட்டத்துக்கும் பணிந்தாயிற்று, பியோங்கும் பிழைத்தது.

இந்தியா எந்தக் கட்சி?

1956-ல் சட்டம், 1960-களின் தொடக்கத்துக்குள் கடையெல்லாம் கிலோ, லிட்டர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உயரம் அடியில், வீடு சதுர அடியில், நிலம் ஏக்கரில். வெயில் செல்சியஸ், காய்ச்சல் ஃபாரன்ஹீட். பிரிட்டனைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மெட்ரிக் நாடுகளில்கூட டிவி அங்குலத்தில் வருகிறதே, விமானம் அடியில் பறக்கிறதே?

எந்தத் தொழில் எங்கே வளர்ந்ததோ அங்கத்திய அளவு ஒட்டிக்கொள்ளும். திரை அங்குலம், தண்ணீர்க் குழாய் அங்குலம், சைக்கிள் சக்கரம் அங்குலம். கார் டயரைப் பாருங்கள்: 205/55 R16. அகலம் 205 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் சக்கரம் 16 அங்குலம். ஒரே வரியில் இரண்டு முறைகளும் சண்டையில்லாமல் குடும்பம் நடத்துகின்றன.

விமானங்களின் உயரம் பெரும்பாலான நாடுகளில் அடிதான். மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கிடையே 1,000 அடி இடைவெளி என்பது நினைவில் வைக்கவும் வானொலியில் சொல்லவும் வசதியான எண். சீனா மீட்டரில் இயங்குகிறது. மீட்டரில் இருந்த ரஷ்யா 2011-ல் உயரப் பறப்புக்கு அடிக்கு மாறியது. மெட்ரிக்கிலிருந்து பின்னால் போன அபூர்வமான சம்பவம்!

கடல் மைலை இம்பீரியல் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பூமியின் அட்சரேகையில் ஒரு நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), 1,852 மீட்டர். வரைபடத்தில் வேலை செய்பவர்களுக்கு அது கிலோமீட்டரைவிட வசதி, அதனால் இருக்கிறது.

அலகைக் குழப்பி உண்மையிலேயே விபத்து நடந்திருக்கிறதா?

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் விமானம், புத்தம் புது போயிங் 767. அந்த நிறுவனத்தில் கிலோவில் கணக்கிடும் முதல் ரக விமானம் அது. எரிபொருள் மானி வேலை செய்யாததால் கையால் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்ற 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். பழக்கமான 1.77-ஆல் பெருக்கினார்கள், அது பவுண்டுக்கான எண். தொட்டியில் மொத்தம் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி அதைக் காற்றிலேயே சறுக்கவிட்டு கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைக் கலம் அப்படித் தப்பவில்லை. தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை மெட்ரிக் விசை அலகான நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். கலம் செவ்வாயை மிகத் தாழ்வாக நெருங்கி அழிந்தது.

இரண்டிலும் எண்கள் தவறில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதப்படவில்லை, அல்லது எழுதியதை யாரும் பார்க்கவில்லை.

செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா, எது சரியானது?

எது பழகியதோ அது. '0 முதல் 100 வரை மனிதன் உணரும் வெப்பம், அதனால் ஃபாரன்ஹீட்தான் இயல்பானது' என்று அமெரிக்கர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செல்சியஸில் வளர்ந்தவருக்கும் 18-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் தோலிலேயே தெரியும். சண்டை போட விருப்பமில்லாதவர்கள் மைனஸ் 40-க்குப் போகலாம், அங்கே இரண்டும் ஒன்று.

ஒரு விஷயம் மட்டும். 98.6 என்ற உடல் வெப்பம் மிகத் துல்லியமாகத் தோன்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ், அது வட்டமான எண். மாற்றியபோது முளைத்ததுதான் அந்த .6. அதனால் 98.9 என்று காட்டினால் பதற வேண்டாம்.

மைலேஜை ஒப்பிடுவது எப்படி?

முதலில் எந்தக் கேலன் என்று பாருங்கள். ஒரே கார் அமெரிக்கக் கணக்கில் கேலனுக்கு 30 மைல் என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 36. பிரிட்டிஷ் கார் சிக்கனம் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஐரோப்பாவின் 'நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்' முறைக்கு மாற்ற, 235-ஐ அமெரிக்க மைலேஜால் வகுங்கள். 30 மைல் என்றால் 7.8 லிட்டர்.

என்னைக் கேட்டால் ஐரோப்பிய முறைதான் நேர்மையானது. ஒரு கேலனுக்கு 10 மைல் கொடுக்கும் வண்டியை விட்டு 20 கொடுப்பதை வாங்கினால் நூறு மைலுக்கு 5 கேலன் மிச்சம். 25-லிருந்து 50-க்குப் போனால் மிச்சம் 2 கேலன்தான். மைலேஜ் எண் இரண்டாவதில்தான் அதிகம் தாவுகிறது, பணப்பை முதலாவதில்தான் அதிகம் தப்பிக்கிறது.

மனக்கணக்காகப் போட வழி உண்டா?

கிலோவை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் பவுண்டு: 70 கிலோ, 140, கூட 14, ஆக 154. செல்சியஸை இரட்டித்து, பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டினால் ஃபாரன்ஹீட்: 25, 50, 45, 77. இது தோராயமில்லை, சரியான விடையே. மைலுக்கு 5, 8, 13, 21 என்ற வரிசையை நினைவில் வையுங்கள். 5 மைல் சுமார் 8 கிலோமீட்டர், 8 மைல் சுமார் 13, 13 மைல் சுமார் 21.

அடுப்பு வெப்பத்துக்கு மட்டும் மனக்கணக்கு வேண்டாம், குறிப்பு எந்த நாட்டுடையது என்று பாருங்கள். 350 என்று இருந்தால் பெரும்பாலும் ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 177 செல்சியஸ். இதைக் கவனிக்காமல் குமிழை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, அரை மணியில் கரியை வெளியே எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. கோப்பைக்கும் இதே எச்சரிக்கை. அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், மற்ற இடங்களில் 15.

படிவத்தில் என் உயரத்தை 5.6 அடி என்று எழுதினேன். சரிதானே?

ஐந்தடி ஆறங்குலம் என்று நினைத்து எழுதியிருந்தால் தவறு. அடிக்கு 12 அங்குலம், 10 இல்லை. ஐந்தடி ஆறங்குலம் என்பது 5.5 அடி, 167.6 சென்டிமீட்டர். நீங்கள் எழுதிய 5.6 அடி 170.7 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் சும்மா வளர்ந்துவிட்டீர்கள். 5.10, 5.11 என்று எழுதினால் இன்னும் மோசம், கணினி அவற்றை 5.2-ஐவிடக் குட்டையாக வரிசைப்படுத்தும். வெளிநாட்டுப் படிவம் என்றால் சென்டிமீட்டரில் எழுதிவிடுங்கள், கூடவே 'செ.மீ.' என்றும் போடுங்கள்.